வளைந்த ஹெட்டும் வாய்தா தேதியும்

வன்கொடுமை வழக்குகளில் பாதி வேலை நீதிமன்றத்துக்கு வெளியேதான் நடக்கிறது. புகார் எழுதுவது, முதல் தகவல் அறிக்கையில் சரியான பிரிவுகள் வந்திருக்கின்றனவா என்று பார்ப்பது, குற்றப்பத்திரிகைக்காக அலைவது எல்லாம் தோழர்களுக்குத் தெரிந்தவை. அதற்கு அடுத்து வரும் வேலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வாய்தா தேதியன்று காலை பத்து மணிக்குள் சாட்சிகளை நீதிமன்ற வளாகத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் அந்த வேலை.

சாட்சி பெரும்பாலும் கூலித் தொழிலாளியாக இருப்பார். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். ஊரிலிருந்து காலையில் புறப்படும் பேருந்தில் எதிர்த்தரப்பு ஆட்களும் ஏறுவார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். பார்வையிலேயே மிரட்டல் நடந்து முடிந்துவிடும். இறங்கும்போது சாட்சி பாதி மனதை மாற்றிக்கொண்டிருப்பார்.

சட்டம் இதை யோசித்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 11ஆம் விதி, பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் சாட்சிகளுக்கும் பயணப்படி, தினப்படி, பராமரிப்புச் செலவு, போக்குவரத்து வசதி தர வேண்டும் என்கிறது. 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் சேர்ந்த 15-ஏ பிரிவு இதை அவர்களுடைய உரிமை என்றே சொல்கிறது. ஆனால் எங்கள் அனுபவத்தில் பணம் பின்னால்தான் வருகிறது. வாய்தா முதலில் வந்துவிடுகிறது. அதனால்தான் மதுராந்தகம் வட்டாரத்தில் நாங்கள் பத்துப் பேர் கைக்காசு போட்டு ஒரு பழைய ஆம்னி வண்டி வாங்கினோம்.

அந்த வண்டியின் என்ஜின் ஹெட் வளைந்துபோனது. வாய்தாவுக்கு ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளில் நாங்கள் பார்த்ததையும் கற்றதையும் எழுதுகிறோம். வண்டி வைத்திருக்கும் தோழர்களுக்கு இது பயன்படும். ஐ.டி.ஐ. படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இன்னும் கூடுதலாகப் பயன்படும்.

கொதித்த வண்டி

சென்னையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சித்திரை வெயில். பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் வண்டி ஊர்ந்து ஊர்ந்து வந்தது. பாலாற்றுப் பாலம் தாண்டி, படாளம் சர்க்கரை ஆலைப் பக்கம் வரும்போது முன் சீட்டுக்குக் கீழே ஆவி கிளம்பியது. ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. ஓட்டுகிறவருக்கு எப்போதும் கொஞ்சம் சூடு தெரியும். அதனால் முதலில் வித்தியாசமாகப் படவில்லை. டெம்பரேச்சர் முள் மேலே போனதைப் பார்த்ததும் ஓரம் கட்டி அணைத்தோம். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை. கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடித்துவிடும் என்பது எங்களில் எல்லோருக்கும் தெரியும்.

ஆறியபின் பார்த்தால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. மோட்டார் செத்துப்போயிருந்தது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். வரிசையில் நிற்கும்போது ஃபேன் இல்லாவிட்டால் வேறு வழியில்லை. கட்டி இழுத்துக்கொண்டு மதுராந்தகம் வந்தோம். மேஸ்திரி அண்ணனின் பட்டறையில் விட்டோம்.

அண்ணன் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார். அடியில் பால் கலந்த காபி மாதிரி ஒரு பசை ஒட்டியிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி ஒரு தரம் ஸ்டார்ட் செய்தார். தண்ணீரில் குமிழ் குமிழாக வந்தது. சைலன்சரில் வெள்ளைப் புகை. உடனே அணைத்துவிட்டார்.

"கேஸ்கட் போயிடுச்சு. கேஸ்கட் மட்டும்னா பரவாயில்ல. ஹெட்டு பெண்டு ஆகியிருந்தாதான் வேலை. இன்னிக்குக் கழட்டக் கூடாது, தம்பி. சூடு முழுசா எறங்கட்டும். நாளைக்குக் காலைல பாத்துக்கலாம்."

அலுமினியம் ஏன் வளைகிறது

அம்பாசடர் காரின் ஹெட் வார்ப்பிரும்பு. அந்தக் காலத்து லாரிகளின் ஹெட்டும் அப்படியே. எடை அதிகம், ஆனால் முரட்டுத்தனம் தாங்கும். 1983இல் மாருதி 800 வந்த பிறகு நம் ஊர் மெக்கானிக்குகளின் கைக்கு அலுமினிய ஹெட் பரவலாக வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு வந்த மாருதி வேன்தான் பின்னால் ஆம்னி ஆனது. அதிலும் அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின்.

அலுமினியம் எடை குறைவு. சூட்டை வேகமாகக் கடத்தும். என்ஜினுக்கு இரண்டும் நல்லவை. ஆனால் சூட்டில் விரிவதும் அதிகம். ஒரு மீட்டர் அலுமினியத்தை 100 டிகிரி சூடேற்றினால் சுமார் 2.3 மில்லிமீட்டர் நீளும். வார்ப்பிரும்பு ஏறக்குறைய அதில் பாதிதான் நீளும். பல என்ஜின்களில் கீழே இரும்பு பிளாக், மேலே அலுமினிய ஹெட். இரண்டையும் போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. நடுவில் கேஸ்கட் இருக்கிறது. சாதாரணச் சூட்டில் இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடும். அளவு மீறினால் ஹெட்டின் நடுப்பகுதிதான் அதிகம் சூடாகிறது. எரிப்பு அறைகளும் புகை வெளியேறும் வழிகளும் அங்கேதான் இருக்கின்றன. விரியப் பார்க்கும் உலோகத்துக்கு நான்கு பக்கமும் போல்ட் தடை. விரிய இடமில்லாததால் நடுவில் மேல்நோக்கி வில்லாக வளைந்துவிடுகிறது. 660 டிகிரியில் உருகும் உலோகம் 200 டிகிரியைத் தாண்டும்போதே பலம் இழக்க ஆரம்பித்துவிடும். ஆறிய பிறகும் அந்த வளைவு அப்படியே நின்றுவிடுகிறது.

இன்னொன்றையும் அண்ணன் காட்டினார். ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் ஓட்டைகளின் ஓரம் அரித்து, வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. எங்கள் கடலோரப் பக்கத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இப்படித்தான் ஆகும். ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்து அடைக்கும், அலுமினியத்தையும் தின்னும். இந்த வண்டியை நாங்கள் வாங்குவதற்கு முன்பே அந்த அரிப்பு நடந்திருக்கிறது. கூலன்ட் என்று கடையில் விற்பது வெறும் கலர் தண்ணீர் இல்லை. அரிப்பைத் தடுக்கும் மருந்து அதில் இருக்கிறது. கொதிநிலையையும் அது உயர்த்துகிறது.

கழற்றுவதற்கும் வரிசை உண்டு

மறுநாள் காலை அண்ணன் ஹெட்டைக் கழற்றினார். எடுத்த எடுப்பில் ஒரு போல்ட்டை முழுதாகக் கழற்றவில்லை. ஓரத்து போல்ட்டுகளில் ஆரம்பித்து, எதிரெதிராக, நடுவை நோக்கி வந்தார். ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். இப்படி மூன்று சுற்று. ஒரு பக்கத்தை மொத்தமாக விட்டு மறுபக்கம் இறுக்கமாக இருந்தால், அந்த இழுப்பிலேயே ஹெட் இன்னும் வளையும் என்றார். சூடாக இருக்கும்போது கழற்றக் கூடாது என்பதும் இதனால்தான்.

எங்களோடு சட்டம் படிக்கும் தங்கை ஒருத்தி இருந்தாள். "சமூகமும் இப்படித்தான் அண்ணா. அழுத்தத்தை ஒரே பக்கம்..." என்று தொடங்கினாள்.

"அது இருக்கட்டும்மா. மொதல்ல இந்த போல்ட்ட தொடச்சு, கழட்டுன வரிசைலயே அட்டைல குத்தி வை" என்றார் அண்ணன்.

அவள் சிரித்துக்கொண்டே துடைத்தாள். நாங்களும் துடைத்தோம். ஒரு அட்டையில் ஹெட்டின் படத்தை வரைந்து, எந்த போல்ட் எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அங்கே குத்தி வைத்தோம்.

தலைமுடிக் கணக்கு

பழைய கேஸ்கட்டின் மிச்சத்தைச் சுரண்ட இரும்பு ஸ்க்ரேப்பர் வேண்டாம் என்றார். அலுமினியத்தில் கீறல் விழும். மரத்துண்டும் மண்ணெண்ணெயும் வேஸ்ட் காட்டனும் கொடுத்தார். அரை நாள் ஆனது. முகம் பளிச்சென்று வந்த பிறகு ஸ்ட்ரெய்ட் எட்ஜை எடுத்தார். துணி சுற்றித் தனியாக வைத்திருக்கும் நேரான எஃகுச் சட்டம் அது. யாரையும் தொடவிடமாட்டார், கீழே விழுந்தால் அதன் நேர் போய்விடும்.

சட்டத்தை ஹெட்டின் முகத்தில் நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். நீளவாட்டில் இரண்டு ஓரம், குறுக்குவாட்டில் இரண்டு ஓரம், மூலைக்கு மூலை இரண்டு. மொத்தம் ஆறு அளவு. இந்த மாதிரிச் சிறிய என்ஜின்களுக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை 0.05 மில்லிமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் அவ்வளவு இருக்கும். எங்கள் ஹெட்டில் நடுவில் 0.20 தகடு நுழைந்தது. 0.25 நுழையவில்லை.

பிளாக்கின் முகத்தையும் அதேபோல் அளந்தார். அது எல்லைக்குள் இருந்தது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஹெட்டை மட்டம் செய்து, வளைந்த பிளாக் மேல் வைத்தால் கேஸ்கட் மறுபடியும் போகும்.

பிறகு கேம் ஷாஃப்டைக் கையால் சுற்றச் சொன்னார். இந்த என்ஜினில் கேம் ஷாஃப்ட் ஹெட்டுக்குள்ளேயே ஓடுகிறது. ஓரிடத்தில் பிடித்துப் பிடித்து நின்றது. அடிமுகம் வளைந்தால் மேலே கேம் ஓடும் துளைகளின் வரிசையும் சேர்ந்து வளைந்திருக்கும் என்பதை அப்போதுதான் எங்கள் கை உணர்ந்தது.

மூன்று வழிகள்

ஒன்று, புதுப்பேட்டை போய்ப் பழைய ஹெட் வாங்குவது. கிடைக்கும். ஆனால் அதுவும் யாரோ ஒருவருடைய கொதித்த வண்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம். எமரி போட்டு மினுக்கி வைத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஸ்ட்ரெய்ட் எட்ஜைக் கையோடு கொண்டுபோய் அளந்துதான் வாங்க வேண்டும்.

இரண்டு, லேத்தில் கொடுத்து 0.20 முழுவதையும் சீவிவிடுவது. ஒரே நாளில் முடியும். பெரும்பாலான இடங்களில் இதைத்தான் செய்கிறார்கள். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அடிமுகம் மட்டமாகும், மேலே கேம் வரிசை வளைந்தபடியே இருக்கும். நேரான ஷாஃப்ட் வளைந்த துளைகளில் உரசி ஓடும். ஒரு நாள் சிக்கிக்கொள்ளும் அல்லது ஒடிந்துபோகும். முகத்தைச் சீவச் சீவ எரிப்பு அறை சிறிதாகி கம்ப்ரஷன் கூடும், பெட்ரோல் வண்டி இழுவையில் நாக் அடிக்கும். அடுத்த முறை ஹெட் வளைந்தால் சீவுவதற்கு உலோகம் மிச்சமிருக்காது. கூட நின்ற ஒருவர் "ரெண்டு கேஸ்கட் போட்டுடலாமே" என்றார். அண்ணன் அவரைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

மூன்றாவது, முதலில் வளைவை எடுத்துவிட்டு, பிறகு தேவையான அளவு மட்டும் சீவுவது. இரண்டு நாள் கூடுதலாக ஆகும். நாங்கள் வாய்தா தேதியைச் சொன்னோம். "முடிச்சுடலாம்" என்றார்.

அதற்கு முன் ஹெட் காப்பாற்றத் தக்கதுதானா என்று பார்க்க வேண்டும். வால்வுகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பொடி தூவினார். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் பொடியில் கோடாகக் கசியும். கோடு விழவில்லை. அளவுக்கு மீறிச் சூடான அலுமினியம் மெத்தென்று ஆகிவிடும், அப்படி ஆனதை நிமிர்த்தினாலும் நிற்காது. அதற்குக் கடினத்தன்மை அளக்கும் கருவி இருக்கிறது, அண்ணனிடம் இல்லை. கேஸ்கட் படாத ஒரு மூலையில் சென்டர் பஞ்சை வைத்து ஒரு தட்டு தட்டினார். பக்கத்தில் கிடந்த ஒரு நல்ல ஹெட்டிலும் அதேபோல் தட்டினார். இரண்டு புள்ளிகளையும் எங்களை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒரே ஆழம்.

நிமிர்த்தும் முறை இதுதான். ஹெட்டைவிடப் பெரிய, தடித்த எஃகுத் தட்டு ஒன்று. அதன் மேல் ஹெட்டை முகம் கீழாக வைத்து, இரண்டு ஓரங்களுக்கும் அடியில் வளைவின் அளவுக்குத் தக்க மெல்லிய தகடுகளைக் கொடுக்க வேண்டும். நடு போல்ட்டுகளை மட்டும் மெதுவாக இறுக்கினால், மேலே வளைந்திருந்த நடுப்பகுதி தட்டை நோக்கி இறங்கும். அப்படியே சூளையில் வைத்து 200 டிகிரிக்குச் சற்று மேல் சில மணி நேரம் சூடேற்ற வேண்டும். பின் சூளையை அணைத்து, உள்ளேயே இரவு முழுவதும் ஆறவிட வேண்டும். சுத்தியலால் அடித்தோ ஜாக்கி வைத்து அழுத்தியோ நிமிர்த்தப் பார்த்தால் அலுமினியம் விரிசல் விடும். சூட்டில் வளைந்ததைச் சூட்டில்தான் நிமிர்த்த முடியும். ஆனால் இந்த முறை அளந்த சூடு, பொறுமையான குளிர்ச்சி. பவுடர் கோட்டிங் அடிக்கும் தெரிந்த பட்டறை ஒன்றின் சூளையை ஒரு ராத்திரிக்குக் கேட்டு வாங்கினார்.

மறுநாள் அளந்தபோது நடுவில் 0.06. கேம் ஷாஃப்ட் இரண்டு விரலால் சுற்றியது. செங்கல்பட்டு லேத்தில் கொடுத்து மிச்சத்தை மட்டும் மெலிதாக ஃபேஸ் அடித்தோம். அங்கேயே தண்ணீர் வழிகளை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, வெந்நீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தார்கள். குமிழ் வரவில்லை.

அண்ணன் கற்ற வழி

லேத்திலிருந்து திரும்பும்போது அண்ணனிடம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டோம்.

ஏழாம் வகுப்போடு நின்றவர். பதிமூன்று வயதில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். மூன்று வருடம் பாகங்களைக் கழுவுவதும் டீ வாங்கி வருவதும்தான் வேலை. அவருக்குப் பின்னால் சேர்ந்த பையன்கள் ஸ்பானர் பிடித்தார்கள். இவர் சேரியிலிருந்து வருகிறவர் என்பது எல்லோருக்கும் தெரியும். டீ வாங்கி வருவார், ஆனால் அவர் குடிக்கும் கிளாஸ் வெளியே திண்டு ஓரம் இருக்கும். என்ஜின் பூட்டும்போது, குறிப்பாக ஹெட் இறுக்கும்போது, இவரை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். இவர் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, டார்க் ரெஞ்சின் 'டக்' சத்தத்தை எண்ணுவாராம். எத்தனை சத்தம், எத்தனை சுற்று, நடுவில் எவ்வளவு நேரம் நிறுத்துகிறார்கள் என்று.

பிறகு தாம்பரம் பக்கம் ஒரு பாயிடம் சேர்ந்தார். பாய் முதல் நாளே ஃபீலர் கேஜைக் கையில் கொடுத்தார். "எண்ணிப் பாத்துக் கத்துக்கிட்டதையெல்லாம் அங்கதான் கைல புடிச்சுப் பாத்தேன்" என்றார் அண்ணன்.

இது ஒரு மனிதரின் கதை மட்டும் இல்லை, தோழர்களே. பம்பாய் ஜவுளி ஆலைகளில் நூற்புப் பிரிவில் தலித்துகள் வேலை செய்தார்கள். கூலி அதிகமான நெசவுப் பிரிவுக்குள் அவர்களை விடவில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு இணைக்க வேண்டும், அது தீட்டு என்றார்கள் உடன் வேலை செய்த தொழிலாளர்களே. 1920களின் இறுதியில் ஆலை வேலைநிறுத்தங்களின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்தார். சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே படிநிலையில் பிரித்து வைக்கிறது என்று பின்னால் 1936இல் அவர் விரித்து எழுதியதற்குப் பின்னால் இந்த மாதிரி ஆலை வாசல்களும் இருக்கின்றன. எந்த வேலையில் சேர்ந்தோம் என்பதோடு கேள்வி முடிவதில்லை. சேர்ந்த பிறகு எந்தக் கருவியைத் தொட விட்டார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அண்ணன் தனியாகப் பட்டறை போட்டபோது ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக ஒரு இடத்தை வாடகைக்கு எடுத்தார். நாலு மாதத்தில் இடத்துக்காரர் வந்து, போர்டில் இருக்கும் அம்பேத்கர் படத்தை எடுத்துவிட்டால் நல்லது, வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்றார். அண்ணன் படத்தை எடுக்கவில்லை, பட்டறையை எடுத்துவிட்டார். இப்போது காலனிக்குள் தகர ஷெட். சாலையில் நின்றுபோகும் வண்டிகள் அங்கே வருவதில்லை. தெரிந்தவர்கள்தான் தேடி வருகிறார்கள். வருமானம் குறைந்தது. அவர் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. நாங்கள்தான் குறைப்பட்டுக்கொள்கிறோம்.

பூட்டுவது

பூட்டும் நாளில் அண்ணன் எங்களை வெளியே அனுப்பவில்லை. சுற்றி நிற்கச் சொன்னார். அவரிடம் வேலை கற்கும் இரண்டு பையன்களை முன்னால் நிறுத்தினார்.

பிளாக்கில் போல்ட் ஓட்டைகளை ஊதிச் சுத்தம் செய்தார். அடியில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அந்த அழுத்தத்தில் பிளாக்கே விரியும், ரெஞ்சும் பொய்யான அளவு காட்டும். புது கேஸ்கட்டை எழுத்து மேலே தெரியும்படி வைத்தார். போல்ட்டின் மரையில் ஒரு துளி ஆயில். ஹெட்டை இரண்டு பேர் பிடித்து நேராக இறக்கினார்கள்.

இறுக்குவது கழற்றியதற்கு நேர் எதிர். நடுவில் ஆரம்பித்து, எதிரெதிராக, ஓரத்தை நோக்கி. முதல் சுற்றில் புத்தகத்தில் சொன்ன அளவில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாவதில் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாவதில் முழு அளவு. நடுவிலிருந்து போனால் கேஸ்கட் ஓரத்தை நோக்கிச் சீராகப் படியும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் உப்பி நிற்கும். சில புது என்ஜின்களில் டார்க் அளவுக்குப் பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்று இருக்கும், அந்த போல்ட்டுகள் நீண்டுவிடும், மறுபடி போடக் கூடாது. எந்த வண்டிக்கு எது என்று புத்தகத்தைப் பார்க்க வேண்டும், கைப்பழக்கத்தை நம்பக் கூடாது என்றார். முப்பது வருடக் கைப்பழக்கம் உள்ளவர் அப்படிச் சொன்னார்.

டார்க் ரெஞ்சு ஒவ்வொரு முறை 'டக்' என்றபோதும் பையன்கள் எண்ணினார்கள்.

கடைசியாக, எதனால் கொதித்ததோ அதைச் சரி செய்தார். புது ஃபேன் மோட்டார். ஃபேனை இயக்கும் சுவிட்சைக் கொதிநீரில் போட்டுச் சோதித்தார். தெர்மோஸ்டாட்டையும் அப்படியே. உப்புப் படிந்த ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தார். ஆயிலும் ஃபில்டரும் மாற்றினார். கூலன்ட் நிரப்பி, காற்று வெளியேறும் வரை ஓடவிட்டு, ஃபேன் தானாகச் சுற்றி, தானாக நிற்பதைப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார். "ஹெட்ட மட்டும் சரி பண்ணிட்டு இதையெல்லாம் விட்டா, அடுத்த மாசம் இதே வண்டி இங்கேயே நிக்கும்."

வாய்தா நாளன்று காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். மூன்று சாட்சிகள் வந்தார்கள். அதில் ஒரு அம்மா சாட்சி சொல்லி முடித்தார். குறுக்கு விசாரணைக்கு இன்னொரு தேதி போட்டார்கள். அந்தத் தேதிக்கும் அதே வண்டியில் போய் வந்தோம்.

மாணவத் தோழர்கள் செய்யக்கூடியவை

ஒன்று. உங்கள் ஊரில் வன்கொடுமை வழக்கு நடந்தால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் 11ஆம் விதியின் கீழ் பயணப்படி, தினப்படி கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். நகலில் பெறுகைக் கையொப்பம் வாங்குங்கள். பத்துப் பேரிடம் வண்டி இருந்தாலும் உரிமை உரிமைதான். அரசு செய்ய வேண்டியதை நம் ஆம்னி என்றைக்கும் செய்துகொண்டிருக்க முடியாது.

இரண்டு. ஒருவர் எல்லோரையும்போல் ஒரு தொழிலையோ வியாபாரத்தையோ நடத்துவதைத் தீண்டாமையின் பேரில் தடுப்பதும், பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் குற்றம். பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பதையும் அதே பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஒரு நாட்டின் சட்டம் இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால் நம் சாலைகளின் நிலையை யோசித்துப் பாருங்கள். பட்டறை வைத்திருக்கும் நம் ஆட்களிடம் இந்தப் பிரிவுகளை எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்று. அப்ரன்டிஸ் சட்டம் 1961இன் 3-ஏ பிரிவு, தொழிற்பயிற்சி இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது. மறைமலை நகரிலிருந்து ஒரகடம் வரை இத்தனை தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே எத்தனை இடம், யாருக்குக் கிடைத்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அரசிடம் கேட்க முடியும். கேளுங்கள். தொழிற்சாலை நிலையானது என்று நம்பியும் இருக்க வேண்டாம். மறைமலை நகரில் ஃபோர்டு 2022இல் உற்பத்தியை நிறுத்தியதைப் பார்த்தோம். கையில் உள்ள தொழில் வேறு ஊருக்கும் கூடவே வரும்.

நான்கு. அண்ணன் மாதிரி கையால் கற்றவர்களுக்கு முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியில் திறன் சான்றிதழ் வாங்க முடியும். தாட்கோ மூலமாகவும், தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் மூலமாகவும் மானியத்துடன் கடன் கேட்க வழி இருக்கிறது. இரண்டாவது திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. தேவைப்படுவது விண்ணப்பம் நிரப்பவும் வங்கிக்குக் கூட நடக்கவும் நேரம் உள்ள ஒருவர். அது நீங்களாக இருக்கலாம். அண்ணனுக்குச் சூளை ஒன்று வேண்டும், கடினத்தன்மை பார்க்கும் கருவி ஒன்று வேண்டும். விண்ணப்பத்தை எங்கள் சட்ட மாணவி எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஐந்து. உங்களில் மெக்கானிக் படிக்கிறவர்கள், வேலை கற்க வரும் சின்னப் பையன்களையும் பெண்களையும் ஹெட் இறுக்கும் நேரத்தில் வெளியே அனுப்பாதீர்கள். பக்கத்தில் நிறுத்தி, ரெஞ்சைக் கையில் கொடுங்கள். பிறகு அவர்களைச் சாயங்காலப் பள்ளிக்கும் அனுப்புங்கள்.

ஜெய் பீம்.